நல்வரவை விரும்பும் நாற்பத்தோரு பேர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மருமகளின் பிழைப்பிலிருந்து எடுத்தது. அவளிடம் கேட்காமல் எடுத்தேன். எழுதியதைக் காட்டியபோது அவள் எதிர்ப்புச் சொல்லவில்லை. தொடக்கம் நன்றாக இல்லை என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் உறவின்முறைச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு முப்பது வருஷத்தில் நான்கு கதைகள் கொடுத்திருக்கிறேன். நான்கிலும் நேர்மையான வியாபாரி ஒருவர் வருவார். சோதனைகள் வரும். கடைசிப் பக்கத்தில் அவர் ஜெயித்துவிடுவார். இந்த ஐந்தாவது கதையில் வியாபாரி இருக்கிறார். நேர்மையைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். மலர்க் குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"கோவில்பட்டியில் பருத்தி, உளுந்து, பாசிப்பயறு கமிஷன் கடை வைத்து மூன்று தலைமுறையாகச் சொல் தவறாமல் வாழ்ந்துவரும் குடும்பம் ஒன்று—"

மருமகள் படித்தாள். பெயர் சுதாராணி.

"மாமா, மூணு நொடிக்குள்ள ஆளப் பிடிக்கலன்னா தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்க."

"மலரை எப்படிம்மா தள்ளுவாங்க? அது புஸ்தகம்."

"மூடிருவாங்க."

இரண்டாவது தொடக்கம்: "ஒரே ஒரு பெயர் விட்டுப்போனதால் ஒரு குடும்பம் இரண்டாக—"

"இது நல்லாப் போகும் மாமா" என்றாள் உடனே.

அதனாலேயே அடித்துவிட்டேன். நல்லாப் போகும் என்று எழுதுகிறவன் நான் அல்ல. (அடித்ததை ஏன் இங்கே விட்டுவைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். அடித்ததும் தெரிய வேண்டும் என்று இந்த ஒரு கதைக்கு மட்டும் முடிவு செய்திருக்கிறேன். காரணம் ஐந்தாம் பகுதியில்.)

2

சுதாராணி ஃபிரீலான்சர். கடைத்தெருவில் யாராவது "மருமக என்ன வேலை பாக்கா அண்ணாச்சி?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றுவேன். உண்மையான வேலை இதுதான்: கடைக்காரர்களுக்குப் படமும் வாசகமும் சேர்த்து ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் போடுவது. போட்டால் போதாது. பார்ப்பவர் அதை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும், அவர் இன்னொருவருக்கு. இதற்குப் பகிர்வு என்று பெயர். ஊர் பேர் தெரியாதவர்கள் நம் சரக்கை ஊரெல்லாம் சுமக்க வேண்டும் என்று வீட்டு மாடியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காத்திருக்கும் தொழில். கமிஷன் கடையில் மூட்டை சுமப்பவரையாவது முகம் பார்த்துப் பேசலாம்.

மாதாமாதம் வேலை கொடுத்தவர் ஒரே ஒருவர். புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் கம்பெனி வைத்திருக்கும் முத்துசெல்வம். அவருடைய கட்டம் போட்ட சட்டைக்குச் சுதாராணி போட்ட முதல் பதிவுக்கு இரண்டு விருப்பம் விழுந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்று என் மகன் மணிகண்டபிரபுவினுடையது. அவள் சொல்லி அழுத்தியது.

அவள் சும்மா இருக்கவில்லை. மக்கள் பஸ்ஸில் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போட்டாள். இந்தச் சட்டை யாருக்குப் பொருந்துமோ அவர் பெயரைப் பதிவில் கோர்த்துவிடுங்கள் என்றாள். "உங்களுக்குப் பிடித்த நிறம் எது?" என்று கேள்வி கேட்டாள். ஒரே ஒரு பதில் வந்தது: "இனிய காலை வணக்கம்." அது மாலை ஆறரை மணி.

ஒருநாள் முத்துசெல்வம் போனில் வந்தார். அடுப்படியில் கைவேலையாக இருந்ததால் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வீடே கேட்டது.

"ஏம்மா, எம் மச்சினன் அவன் வீட்டுப் பூனைய படம் எடுத்துப் போட்டான். நானூறு ஷேரு. என் சட்டைக்கு ரெண்டு லைக்கு. பூனை சட்ட போடுமா?"

"போடாது சார்."

"அப்ப பூனைக்கு மட்டும் எப்படி? அடுத்த போஸ்டும் இப்படிப் போச்சுன்னா நான் திருநெல்வேலியில வேற ஆளப் பாத்து வச்சிருக்கேன். கோவிச்சுக்கிடக் கூடாது."

அன்றைக்கு என்னிடமும் வந்தாள். "மாமா, உங்க வாட்ஸ்அப்புல உறவின்முறை குரூப்பு இருக்குல்லா? ஒரே ஒரு தடவ அனுப்பி விடுங்களேன்."

"நம்ம குடும்பத்துல யாரும் யாருகிட்டயும் போயி, இத நாலு பேருக்குச் சொல்லுங்கன்னு நின்னதில்லம்மா."

"அமுதா அண்ணி கல்யாணப் பத்திரிகைய அறுநூறு வீட்டுக்கு நடந்து போயி கையில குடுத்தீங்களே மாமா, அது என்ன?"

"அது அழைப்பு."

"இதுவும் அதான்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த வேலை போய்விடும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. போனால் அவள் கீழே வந்துவிடுவாள். நானும் மழையைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

3

அடுத்த நாள் சுதாராணி தன் மாமியார் வள்ளித்தாயிடம் பழைய பத்திரிகைக் கட்டைக் கேட்டு வாங்கினாள். பத்திரிகை என்றால் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா அழைப்புகள். எங்கள் வீட்டில் ஐம்பது வருஷத்துப் பத்திரிகைகள் பெட்டியில் இருக்கின்றன. அவற்றில் பெயர் வரிசை போட்டது முழுக்க நான்.

[வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கப் பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண் பெயர் சிறியது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று தொடங்கிக் கீழே வரும் பெயர்ப் பட்டியல்தான் பெரியது. வயதில் மூத்தவர் முதலில், பிறகு அடுத்தவர், பிறகு சம்பந்தி வழி. ஒரு பெயர் ஒரு வரி கீழே இறங்கினால் ஐந்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. இறங்கினால்தான் அப்படி. இல்லாமலே போனால் என்ன ஆகும் என்பது கதையின் மிச்சம்.]

பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வாங்குனதும் ஆளுங்க மொதல்ல எதப் பாக்காங்க மாமா? முகூர்த்த நேரமா?"

"தன் பேர."

"அப்புறம்?"

"தன் பேருக்கு மேல யாரு பேருன்னு."

சிரித்தாள். "தன் பேரு இருந்தா என்ன செய்வாங்க?"

"பக்கத்து வீட்டுல காட்டுவாங்க."

"இல்லன்னா?"

"ஊருக்கே காட்டுவாங்க" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்தக் கட்டில் பதினோரு வருஷத்துக்கு முந்திய என் மகள் அமுதவள்ளியின் கல்யாணப் பத்திரிகையும் இருந்தது. அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த—

(இந்த வாக்கியம் இப்போதைக்கு இங்கேயே நிற்கட்டும்.)

4

சுதாராணியின் அடுத்த பதிவில் சட்டை ஓரமாக இருந்தது. நடுவில், மஞ்சள் பின்னணியில், கல்யாணப் பத்திரிகை எழுத்தில், "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு, முத்துசெல்வம் கம்பெனியில் தைக்கிறவர்களின் பெயர்கள் ஊரோடு இருந்தன. காலர் தைப்பவர் பசுவந்தனை சுடலைமாடன், கை மூட்டுபவர் இன்னார், இஸ்திரி போடுபவர் இன்னார். நாற்பத்தோரு பேர்.

சுடலைமாடன் அதைத் தன் ஊர்க் கோயில் கொடைவிழாக் குழுவில் போட்டார். அவர் மருமகன் சார்ஜாவிலிருந்து போட்டார். இஸ்திரிக்காரரின் அண்ணன் தன் ஆட்டோ ஸ்டாண்டு குழுவில் போட்டார். நாற்பத்தோரு பெயரும் நாற்பத்தோரு ஊர் வழியாகக் கிளம்பிப் போயின. அந்தச் சட்டையை வாழ்நாளில் வாங்கப்போகாதவர்கள் எல்லாம் அதைச் சுமந்தார்கள். அறுநூறு பகிர்வு.

இரண்டாம் நாள் கீழே ஒரு வரி வந்தது: "எங்க அக்கா பேரு எங்க?"

எழுதியது சக்திகுமார் என்பவர். அவருடைய அக்கா வெயிலம்மாள் அந்தக் கம்பெனியில் பதினாலு வருஷமாகக் காஜா எடுக்கிறவர். சட்டைப் பொத்தான் நுழைகிற துளையை மெஷினில் தைக்கும் வேலை. கம்பெனியில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர். பட்டியலில் அவர் இல்லை.

அதன் பிறகு நடந்ததைப் பகிர்வு என்று சொல்லக் கூடாது. காட்டுத் தீ என்று எழுதினால் அது பழைய உவமை. முத்துசெல்வத்தை முதலாளி வர்க்கம் என்று ஒருவர் எழுதினார். வேறு சாதி என்பதால் விட்டுவிட்டார்களா என்று இன்னொருவர். காஜா இல்லாமல் சட்டையைப் பசை போட்டு ஒட்டுவார்களா என்று மூன்றாமவர். எனக்குப் பிடித்தது இது. நாலாயிரம் பேர் அனுப்பினார்கள்.

முத்துசெல்வம் போனில் துள்ளினார். "பிரமாதம்மா! அடுத்த மாசம் ரெண்டு பேர விட்டுருங்க."

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "சுதா, அந்தப் பேரு விட்டுப்போச்சா, நீ விட்டியா?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அச்சுல விட்டுப்போச்சு மாமா."

போனில் அச்சு ஏது என்று நான் கேட்கவில்லை. அது என் வாக்கியம். பதினோரு வருஷமாக, அதே சொற்களில், அதே மாதிரி நிமிராமல் நான் சொல்லிவந்த வாக்கியம்.

5

நிறுத்திய வாக்கியத்தை இங்கே முடிக்கிறேன்.

பத்திரிகைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தது, அச்சகத்திலிருந்து திருத்தம் பார்க்க வந்த புரூஃப். அதில் முதல் பெயர் என் அண்ணனுடையது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் "நீக்கவும்" என்று என் கையெழுத்து.

ஏன் அடித்தேன்? நிச்சயதார்த்தத்தன்று, சம்பந்தி வீட்டார் முன்னால், அண்ணன் என்னிடம் நான்கு சொற்கள் சொன்னார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அவ்வளவுதான். எழுதிப் பார்க்கும்போது இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெரிதாகத் தெரிய இன்னும் இரண்டு வசவு சேர்க்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். கதைதானே. சேர்த்துப் பார்த்தேன்:

"அவர் என்னை எல்லோர் முன்னாலும் ஒன்றுக்கும் உதவாதவன் என்று—"

சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் "அச்சுல விட்டுப்போச்சு" என்றேன். உறவினர்கள் அதன் பிறகு அந்த அச்சகத்தில் பத்திரிகை அடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை. குடும்ப மானத்தைக் காக்க ஒரு அச்சகத்தைக் கொடுத்தேன் என்று சொன்னால் கம்பீரமாகத்தான் இருக்கிறது.

அண்ணனின் பெயரை இந்தக் கதையில் நான் எழுதப்போவதில்லை. எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

6

இந்தப் பகுதியில் வெயிலம்மாள் வீட்டுக்கு வருகிறார். அவரை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அழவைத்தேன். இரண்டாவதில் கத்தவைத்தேன். உண்மையில் அவர் இரண்டும் செய்யவில்லை. செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்துக் கழற்றிவிட்டு, தண்ணீர் கொடுத்ததைக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு பேசினார். தம்பி சக்திகுமார் பைக் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"நான் சண்ட போட வரலங்க. அவன்தான் எழுதிட்டான். பேரு போடணும்னு கேக்கவும் வரல."

"உக்காருங்க" என்றாள் வள்ளித்தாய்.

"இருக்கட்டும்மா. எம் மக ஏழாப்பு படிக்கா. பள்ளிக்கூடத்துல டீச்சர் போன்ல இந்தப் படத்தக் காட்டிருக்காங்க. எங்கம்மா பேரும் இருக்கும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு மேல இருந்து கீழ தேடிருக்கா. அப்புறம் கீழ இருந்து மேல. நாலு தடவ. டீச்சர் போன வாங்கிட்டாங்களாம். அத உங்ககிட்ட சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். வீட்டுக்குப் பெரியவன், ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. அச்சுல—

"விட்டுப்போகலக்கா" என்றாள் சுதாராணி. "நான்தான் விட்டேன். விட்டா சண்ட வரும், சண்ட வந்தா நாலு பேரு பாப்பாங்கன்னு தெரிஞ்சேதான் விட்டேன்."

"ஏன் எம் பேரு?" என்று கேட்டார் வெயிலம்மாள்.

"கடைசில இருந்துச்சு."

"தையல்ல காஜா கடைசி வேலதான்" என்றார் வெயிலம்மாள். "ஆனா அது இல்லன்னா சட்ட மூடாது."

போய்விட்டார்.

(கடைசி வசனம் நான் சேர்த்தது என்று சுதாராணி நினைக்கிறாள். சேர்க்கவில்லை. இவ்வளவு நன்றாக எனக்கு எழுத வராது.)

நான் பதினோரு வருஷத்தில் சொல்ல முடியாததை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. யாருக்கு என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

அன்றே அவள் புதுப் பதிவு போட்டாள். வெயிலம்மாள் படம் பெரிதாக, பெயர் அதைவிடப் பெரிதாக. கீழே: "முந்தைய பதிவில் இவர் பெயரை வேண்டுமென்றே விட்டேன். தவறு என்னுடையது; கம்பெனியுடையதல்ல."

நாலாயிரம் பேரைச் சேர்த்த அதே பக்கத்தில்தான் போட்டாள். பகிர்ந்தவர்கள் ஆறு பேர். வெயிலம்மாள், சக்திகுமார், அந்த டீச்சர், சுதாராணி, மணிகண்டபிரபு. இந்த முறை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆறாவது வள்ளித்தாய், அவளுக்குப் போனில் பகிரத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஏழாவதாக நான் இருந்திருக்கலாம். விரல் அதுவரை போனது.

மறுநாள் முத்துசெல்வம் கூப்பிட்டார். "வேணும்னே விட்டேன்னு யாராவது எழுதுவாங்களாம்மா? எனக்குல்லா அசிங்கம்! அச்சுல விட்டுப்போச்சுன்னு எழுதுனா போதாதா?" வேலை திருநெல்வேலிக்குப் போய்விட்டது. நான் விரும்பியது நடந்தது. நிம்மதியைத் தேடிப் பார்த்தேன்; இல்லை.

7

தை மாதம் என் பேரன், சுதாராணியின் மகனுக்குக் காதுகுத்து. சுதாராணி பத்திரிகையைப் போனிலேயே தயார் செய்து கொண்டுவந்து காட்டினாள். எல்லாப் பெயரும் இருந்தன. நல்வரவை விரும்புவோரில் முதல் வரி மட்டும் காலி.

"இங்கன ஒரு வரி விட்டுப்போயிருக்கு" என்றேன்.

"விட்டுப்போகல மாமா. விட்டு வச்சிருக்கேன்."

பிறகு சொன்னாள்: என்னிடம் சொல்லாமல் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அடுத்த தெருதான். பதினோரு வருஷமாக அந்தத் தெருவைத் தவிர்க்க நான் கடைக்குச் சுற்றிப் போகிறேன்.

"யாரக் கேட்டுப் போன?"

"யாரையும் கேக்கல. கேட்டா விடமாட்டீங்க."

"என்ன சொன்னாவ அவிய?"

"பேர போடுன்னும் சொல்லல, போடாதன்னும் சொல்லல. காப்பி குடுத்தாவ. 'ஒன் மாமன் அச்சுல எடுத்தத அச்சுலதான் வைக்கணும். வாயால வேண்டாம். போன்லயும் வேண்டாம்'னாவ."

"நான் எடுத்தேன்னு நீ சொல்லிட்டியா?"

சுதாராணி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

"அவியளுக்கு அன்னைக்கே தெரியுமாம் மாமா. நீங்க புரூஃப் திருப்பி அனுப்புனதுமே அச்சகக்காரர் அவிய வீட்டுக்குப் போயி, என்ன அண்ணாச்சி செய்யட்டும்னு கேட்டாராம். 'தம்பி சொன்னபடி அடி'ன்னு அவியதான் சொன்னாவளாம்."

அச்சகக்காரருக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். வள்ளித்தாய் முகத்தைப் பார்த்தேன், அவளுக்கும் தெரியும். அறுநூறு வீட்டில் எத்தனை வீட்டுக்குத் தெரியுமோ. நான் சொன்ன பொய் பலித்துவிட்டது என்று நம்பியவன் எங்கள் இரண்டு வீட்டிலும் நான் ஒருவன் மட்டுமே.

8

கதையை இங்கே முடிக்க வேண்டும். மூன்று முடிவு வைத்திருக்கிறேன்.

ஒன்று: அண்ணன் காதுகுத்துக்கு வருகிறார், முதல் வரிசையில் உட்காருகிறார், நாங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறோம். மலர்க் குழுவினருக்குப் பிடிக்கும். என் முந்தைய நான்கு கதைகளும் இப்படித்தான் முடிந்தன. யாரும் அதை இன்னொருவருக்குக் காட்டியதாக நினைவில்லை.

இரண்டு: வரவில்லை. அவருக்காகப் போட்ட நாற்காலியில் யாரோ பையை வைக்கிறார்கள்.

மூன்று: வருகிறார், சாப்பிடுகிறார், சாம்பாரில் உப்பு குறைவு என்று என்னைத் தவிர எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போகிறார். எங்கள் குடும்பத்தை அறிந்தவர்கள் இதைத்தான் நம்புவார்கள்.

மூன்றில் எதையும் நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டியது என் கையில் இல்லை.

நேற்று இதுவரை எழுதியதைச் சுதாராணி படித்தாள். "மாமா, இத நெட்டுல போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்."

"போடாத."

"ஏன் மாமா? உங்களுக்கும் நாலாயிரம் வரும்."

"எனக்கு ஒரு வீடு போதும்."

மூன்றாம் பகுதி நீளம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வெட்டவில்லை. மாடியில் அவளுக்குப் புதிதாகக் கடலை மிட்டாய்க் கடை வேலை ஒன்று வந்திருக்கிறது. கடைத்தெருவில் கேட்டால் இனி ஃபிரீலான்சர் என்றே சொல்வதாக இருக்கிறேன். அதன் அர்த்தத்தையும் கேட்பார்களே என்பதுதான் கவலை.

மலர் மார்கழியில் அறுநூறு வீட்டுக்குப் போகும். அமுதவள்ளி பத்திரிகை போன அதே வீடுகள். அண்ணன் மலர் வாங்குவதில்லை. ஆகவே வாசகர்களே, என் வாழ்நாளில் யாரிடமும் கேட்காததை உங்களிடம் கேட்கிறேன். என் வீட்டுக்கு அடுத்த தெருவில், வாசலில் வேப்பமரம் உள்ள வீடு. இந்தப் பக்கங்களை மடித்து எடுத்துப் போய் அவர் கையில் கொடுங்கள். நான் கொடுத்ததாகச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. அவர் படித்துவிட்டு என்ன சொன்னார் என்பதுதான் இந்தக் கதையின் முடிவு. உங்களுக்குத்தான் அது கிடைக்கும். எனக்குச் சொல்ல வேண்டாம். தை மாதம் பந்தலில் நானே பார்த்துக்கொள்கிறேன்.

அவர் எதிர்பார்க்கக்கூடிய ஒரு சொல் இந்தக் கதையில் எங்கும் இல்லை. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடுவார். தேடட்டும். அதற்குப் பதிலாக ஐந்தாம் பகுதியில் எடுத்த ஒரு உரிமையைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

அச்சுக் கோப்பவருக்கு ஒரு வேண்டுகோள். கீழே உள்ளது பேரன் காதுகுத்துப் பத்திரிகையின் முதல் வரி. வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது.

தங்கள் நல்வரவை விரும்பும்

கு. பெருமாள்சாமி

அதற்குக் கீழே நான்.